எந்த எழுத்தைத் திருத்தினோம்?

நெல்லின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் தூர்கள் குறைந்து, தண்டு தடித்து, கதிரில் கிளைகள் கூடி, மணிகள் பெருகிய ஒரு நெல்லைப் பற்றிச் சீன விஞ்ஞானி லி ஜியாயாங்கின் ஆய்வுக்குழு 2010-இல் அறிவித்தது. காற்றுக்கும் மழைக்கும் எளிதில் சாயாத பயிர் அது. மாறிய எழுத்து எஸ்.பி.எல்.14 என்ற மரபணுவில் இருந்தது. அந்த மரபணு தரும் புரதத்தின் வேலை மாறியதால் இந்த விளைவு வரவில்லை. புரதத்தின் அளவு கூடியதால் வந்தது. அந்த அளவை அதுவரை அடக்கி வைத்திருந்தது மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 எனப்படும், 20 எழுத்தே நீளமுள்ள ஒரு துணுக்கு. எழுத்து மாறிய இடம், அந்தத் துணுக்கு வந்து ஒட்டுகிற இடம். இந்தியாவில் மரபணுத் திருத்தம் செய்த பயிர்களை எப்படி அணுகுவது என்று 2022 மார்ச்சில் ஒன்றிய அரசு வகுத்த நடைமுறை, இப்படிப்பட்ட மாற்றங்களை, சிறியவை, வெளி உயிரினத்தின் மரபணு கலக்காதவை என்ற காரணங்களைச் சொல்லி உயிரிப் பாதுகாப்பு ஆய்விலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மாற்றத்தின் நீளத்தை அளந்து அதன் விளைவை ஊகிக்கும் இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பது என் வாதம். பூக்கும் தாவரங்களின் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பற்றி இந்த நூற்றாண்டில் தெரியவந்திருப்பவையே அதற்குப் போதுமான சான்று.

செல்லுக்குள் நடப்பது இதுதான். மரபணுவில் உள்ள தகவல் முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அந்தப் படியை வைத்துக்கொண்டு செல் புரதத்தைக் கட்டுகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. இவ்விரண்டுக்கும் நடுவில் குறுக்கிடுகிறது. டைசர் வகை நொதி ஒன்று நீண்ட ஆர்.என்.ஏ.விலிருந்து அதை நறுக்கி எடுக்கிறது; அது ஆர்கோனாட் என்ற புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது; தனக்குப் பொருந்தும் எழுத்து வரிசையுள்ள தூது ஆர்.என்.ஏ.வைத் தேடி ஒட்டுகிறது. ஒட்டியதும் அந்தத் தூது துண்டிக்கப்படுகிறது, அல்லது அதிலிருந்து புரதம் உண்டாவது தடைபடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில் இதை 1993-இல் வெளிப்படுத்திய விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாவரங்களிலும் இத்துணுக்குகள் உண்டு என்பது 2002-இல், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் உறுதியானது. விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் இதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. விலங்குகளில் ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே மைக்ரோ ஆர்.என்.ஏ. வேலை செய்துவிடும், அதனால் ஒரு துணுக்குக்கு நூற்றுக்கணக்கான இலக்குகள் இருக்கும். தாவரங்களில் கிட்டத்தட்ட முழு நீளமும் பொருந்தியாக வேண்டும். இலக்குகள் சிலவே, ஆனால் பிடி கடுமையானது. ஒட்டும் இடத்தில் ஓரிரு எழுத்து பிசகினாலே பிடி விட்டுப்போகும் என்பது இதன் மறுபக்கம். என் வாதம் முழுவதும் இந்த ஒரு செய்தியின் மேல் நிற்கிறது.

தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பல, ஓர் இனத்திலோ நெருங்கிய சில இனங்களிலோ மட்டும் காணப்படுபவை, தோன்றி மறைபவை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நெல், கோதுமை, மா, பருத்தி, தக்காளி என்று பூக்கும் தாவரங்கள் முழுவதிலும் ஏறக்குறைய எழுத்துப் பிசகாமல் நிலைத்திருக்கின்றன. இலையின் மேற்புறம் எது, அடிப்புறம் எது என்பதை வகுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 166 ஒட்டும் இடம், மாஸ் எனப்படும் பாசிச்செடிகளிலிருந்து பூக்கும் தாவரங்கள்வரை 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மாறாமல் வந்திருப்பதை சாண்ட்ரா ஃபிளாய்ட், ஜான் போமன் இருவரும் 2004-இல் காட்டினார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 இளஞ்செடியில் மிகுந்திருக்கும். வயது ஏற ஏறக் குறையும். குறையும்போது செடி பூப்பதற்குத் தகுதி பெறும். 172 இதற்கு நேரெதிராக, வயதோடு கூடும். மண்ணில் மணிச்சத்து குறைந்தால் 399 பெருகி, இலையிலிருந்து வேருக்குப் பயணம் செய்து, அங்கே உறிஞ்சலுக்குத் தடையாக இருக்கும் புரதத்தைக் குறைக்கும். தாமிரம் குறைந்தால் 398 அதைச் சிக்கனப்படுத்த முனையும். இவை இவ்வளவு காலம் மாறாமல் இருப்பதற்குக் காரணம், இவற்றின் இலக்குகளில் பெரும்பாலானவை மற்ற மரபணுக்களை இயக்கும் மரபணுக்கள் என்பதே. அப்படிப்பட்ட ஒன்றின் அளவு மாறினால் பத்து விளைவுகள் தொடரும். அவற்றில் பெரும்பாலானவை செடிக்குக் கேடாக முடியும். கேடானவை சந்ததி விடாமல் அழியும். மாறாமை என்பது இங்கே அசைவற்ற தன்மை அல்ல. கோடிக்கணக்கான மாற்றங்கள் முளைத்து முளைத்துக் கழிக்கப்பட்டதன் பதிவு.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் அதன் இலக்குக்கும் இடையிலான அந்தப் பழமையான பிணைப்புகளைத்தான் உழவர்கள் திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறார்கள். என்ன செய்கிறோம் என்று அறிந்தல்ல. விரும்பிய செடியின் விதையை எடுத்து வைத்ததன் மூலம். காட்டுக் கோதுமையின் மணி கெட்டியான உமிக்குள் சிக்கிக் கிடக்கும். அடித்தாலும் எளிதில் பிரியாது. இன்றைய கோதுமையை அடித்தால் மணி தனியே உதிர்கிறது என்றால் அதில் பெரும்பங்கு க்யூ என்ற மரபணுவுக்கு உண்டு. அந்த மரபணுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 172 ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறி, பிடி தளர்ந்ததே காரணம் என்பது 2017-இல் வெளிவந்த ஆய்வுகளில் தெளிவானது. பார்லியிலும் அதே 172, அதே குடும்பத்து மரபணு, அதேபோல் ஓர் எழுத்து. ஆனால் விளைவு வேறு. அங்கே பூ திறப்பதே நின்றுவிட்டது. மூடிய பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடந்து முடிகிறது. அந்த மரபணுவும் 172-உம் சேரும் விதத்தில் உள்ள வேறுபாடே பார்லிக் கதிரில் மணிகள் நெருக்கமாக அமைவதையும் தீர்மானிக்கிறது என்று 2013-இல் இன்னொரு குழு கண்டது. ஒரே இடம், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் இரண்டு குணங்கள். ரோஜா, பீச், கார்னேஷன் ஆகியவற்றின் அடுக்குப் பூக்களை ஆராய்ந்தபோது அங்கும் 172-இன் பிடியிலிருந்து தப்பிய ஒரு மரபணுவே காரணமாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, ரோஜாவில் தாவும் மரபணுத் துண்டு ஒன்று உள்ளே புகுந்து ஒட்டும் இடத்தைக் குலைத்திருக்கிறது. பீச்சில் நூற்றுக்கணக்கான எழுத்துகள் மொத்தமாக அறுந்து போயிருக்கின்றன. கோதுமையில் ஓர் எழுத்து செய்ததை இங்கே பெரிய செருகலும் பெரிய இழப்பும் செய்தன. மாற்றத்தின் அளவு எதுவாக இருந்தாலும் கைவிட்டுப்போனது அதே பிடிதான்.

நெல்லுக்குத் திரும்புவோம். மைக்ரோ ஆர்.என்.ஏ. 396 ஒட்டும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் மாறியதால் ஜி.ஆர்.எஃப்.4 என்ற மரபணு அதன் பிடியிலிருந்து விலகி, மணி நீண்டு பருத்ததை 2015-இல் சீனாவின் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டறிந்தன. மணி பெருப்பதோடு அது நிற்கவில்லை. அதே மரபணுவின் அளவு கூடும்போது பயிர் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும் திறனும் கூடுகிறது என்று 2018-இல் தெரியவந்தது. பசுமைப் புரட்சி தந்த குட்டை ரகங்கள் யூரியாவை அள்ளிக் கொட்டினால்தான் விளையும் என்ற குறையைக் களைய இதில் ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டிலும் இத்துறையில் மதிக்கத்தக்க ஆராய்ச்சி நடக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் பி.வி.சிவபிரசாத் குழு 2018-இல் இந்திய நெல் வகைகளைக் காட்டு நெல்லோடு ஒப்பிட்டது. காட்டு நெல்லில் மிகுந்திருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 397 பயிர் நெல்லில் குறைந்திருப்பதும், அதனால் தண்டுக்கு வலுவூட்டும் லிக்னின் கூடியிருப்பதும் அதில் வெளிப்பட்டன. பயிர் நெல்லில் 397-ஐ மீண்டும் கூட்டியபோது செடி காட்டு நெல்லின் சாயலுக்குத் திரும்பியது. நெல்லை வீட்டுப் பயிராக்கிய வரலாற்றின் ஒரு பகுதியே இத்துணுக்கின் அளவில் அடங்கியிருக்கிறது.

புரதத்தையே தொடாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சோதனைச்சாலையில் வேண்டுமென்றே செய்தும் பார்த்திருக்கிறார்கள். டெட்லெஃப் வைகல், ஜேம்ஸ் கேரிங்டன் ஆகியோரின் குழுக்கள் 2003-இல் அராபிடாப்சிஸில் டி.சி.பி.4 என்ற மரபணுவை எடுத்துக்கொண்டு, அது தரும் புரதத்தில் எந்த வேறுபாடும் வராதபடி, மைக்ரோ ஆர்.என்.ஏ. 319 ஒட்டும் இடத்தின் எழுத்துகளை மட்டும் மாற்றின. நாற்றுகளின் வளர்ச்சியே நின்றுபோனது, வித்திலைகள் ஒட்டிப் பிறந்தன, குருத்து உருவாகவில்லை. புரதங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தச் சோதனையும் இந்தச் செடிகளுக்கும் மாற்றப்படாத செடிகளுக்கும் வேறுபாடில்லை என்றே சொல்லியிருக்கும். ஏரிக்கரையில் எத்தனை அடி மண்ணை வெட்டினார்கள் என்பதைவிட, மதகின் பலகையில் கை வைத்தார்களா என்பதுதான் கீழ்வயலுக்கு முக்கியம். மரபணுத் தொகுதியிலும் அப்படியே. ஆயிரம் எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று வேலையில்லாத இடத்தில் அறுந்து போனால் செடிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். 156 ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறினால் செடியின் உருவமே மாறிவிடுகிறது.

இப்போது நடைமுறையைப் பார்ப்போம். 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி மரபணு மாற்றப் பயிர்கள் பல கட்ட அனுமதிகளைக் கடக்க வேண்டும். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2022 குறிப்பாணை, வெளி உயிரினத்தின் டி.என்.ஏ. எஞ்சியிராத, சிறு திருத்தங்கள் மட்டும் செய்யப்பட்ட பயிர்களுக்கு அவ்விதிகளின் 7 முதல் 11 வரையிலான பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலையில் முன்வைத்த வரைவு இன்னும் ஒரு படி மேலே போய் எண்ணிக்கையையே அளவுகோலாக்கியது: மாற்றங்கள் 20-க்கு மிகாமல் இருந்தால், செருகலோ பதிலீடோ ஒவ்வொன்றும் 20 எழுத்துக்கு மிகாமல் இருந்தால், அந்தப் பயிர் வழக்கமான பயிருக்குச் சமம். 20 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு முகமையே கேள்வி எழுப்பியது. தாவர உயிரியலில் அப்படி ஓர் எல்லைக்கோடு இல்லை. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் முழு நீளமே 20, 21 எழுத்துகள்தான். கனடா வேறு வழியில் போகிறது: பயிர் எந்த முறையில் உருவானது என்று பார்க்காமல், புதிய பண்பு வந்திருக்கிறதா, அந்தப் பண்பு என்ன செய்யும் என்று பார்க்கிறது. குறைகள் இல்லாத ஏற்பாடல்ல; ஆனால் சரியான கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கோதுமையிலும் பார்லியிலும் இயற்கையாகவே நடந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கள் உண்டு வந்த மாற்றம்தானே இது, அதைச் சோதனைச்சாலையில் செய்தால் மட்டும் ஏன் தனியாக ஆராய வேண்டும்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாற்றத்தின் தன்மையைப் பொறுத்தவரை முழு நியாயம். ஆனால் இன்று வயலில் இருக்கும் கோதுமை, அந்த எழுத்து மாறிய முதல் செடி அல்ல. பல நூறு தலைமுறைகள், பல மண்கள், பல பஞ்சங்கள் கடந்து, மற்ற மரபணுக்களோடு ஒத்துப்போன பிறகு எஞ்சியது. தோற்றுப்போனவை நம் கண்ணில் படவே இல்லை. எஸ்.பி.எல்.14-இன் கதையே இதற்குச் சான்று. அதன் அளவு மிதமாகக் கூடினால் விளைச்சல் ஏறுகிறது. மிகையானால் தூர் அளவுக்குமீறிக் குறைந்து விளைச்சல் கைநழுவுகிறது. அதே புரதம் குலைநோய் எதிர்ப்பிலும் பங்கேற்கிறது என்பது 2018-இல்தான் தெரிந்தது, அதாவது அந்த எழுத்து கண்டுபிடிக்கப்பட்டு எட்டு ஆண்டுகள் கழித்து. அது நல்ல செய்தியாக அமைந்தது. கெட்ட செய்தியாகவும் அமைந்திருக்கலாம். கேட்காமல் இருந்தால் இரண்டில் எது என்பது உழவருக்கு வயலில்தான் தெரியவரும்.

எந்த மண்ணில், எந்தச் சாகுபடி முறையில் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடியைக் கடைப்பிடிப்பவர்கள் குத்துக்கு ஓர் இளநாற்றாக, அகன்ற இடைவெளியில் நடுகிறார்கள். அந்த முறையின் உயிரே மிகுதியாகத் தூர் கட்டுவதில் இருக்கிறது. தூரைக் குறைத்துக் கதிரைப் பெருக்கும் ரகம், நெருக்கி நடும் வயலில் வெற்றி பெறலாம். இங்கே அதே ரகம் இடத்தை வீணாக்கலாம். விலக்கு பெற்ற பயிர்களும் அனைத்திந்திய ஒருங்கிணைந்த வயல்சோதனைகளைக் கடந்துதானே வருகின்றன என்று கேட்கலாம். கடக்கின்றன, அது தேவையும்கூட. ஆனால் அச்சோதனைகள், ஒரு ரகம் பரிந்துரைக்கத் தக்கதா என்று பார்ப்பதற்காக அமைந்தவை. திருத்தப்பட்ட பிணைப்பு வேறு எந்தெந்தக் குணங்களோடு தொடர்புடையது, அவையும் மாறினவா என்ற கேள்வியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை அல்ல. தேடாத ஒன்று அட்டவணையில் வராது.

கூடுதல் ஆய்வு கேட்டால் பொதுத்துறை ஆராய்ச்சி முடங்கும், பெருநிறுவனங்கள் மட்டுமே செலவைத் தாங்கும் என்பது அடுத்த மறுப்பு. இதை நான் எளிதாகத் தள்ளவில்லை. மரபணு மாற்றப் பயிரான பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் விழுந்த தடை அதன்பின் விலகவே இல்லை; அதற்குப் பிறகு எத்தனை இளம் ஆராய்ச்சியாளர்கள் பயிர்களை விட்டு விலகியிருப்பார்கள் என்று நினைக்கவே வருத்தமாக இருக்கிறது. நான் கேட்பது 1989 விதிகளின் முழுச் சுமையை அல்ல. திருத்தம் புரதத்தை மாற்றுகிறதா, ஒழுங்குபடுத்தும் பிணைப்பை மாற்றுகிறதா. பிணைப்பு என்றால் அது பூக்கும் தாவரங்கள் முழுவதிலும் நிலைத்த பழைய பிணைப்புகளில் ஒன்றா. அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் மற்ற இலக்குகளின் அளவு மாறியிருக்கிறதா. மணிச்சத்து குறைந்த மண்ணிலும் வறட்சியிலும் நீர் தேங்கிய நிலையிலும் செடி எப்படி நடந்துகொள்கிறது. இவற்றுக்கான விடைகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும், அவ்வளவே. முதல் மூன்றுக்கும் தேவையான ஆர்.என்.ஏ. வரிசையறிதல் இன்று பல்கலைக்கழக ஆய்வகங்களில் அன்றாட வேலை, மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் தரவுத்தளங்கள் எவரும் கட்டணமின்றிப் பார்க்கத் திறந்து கிடக்கின்றன. நான்காவதற்கு ஓரிரு பருவங்கள் ஆகும். பிணைப்பு எதையும் தொடாத, விளைவு நன்கு தெரிந்த திருத்தங்களை இதைவிட விரைவாகவே அனுப்பிவிடலாம். நீளத்தை அளப்பதைவிட இது விஞ்ஞானிக்கும் நியாயமானது.

எதிர்த் திசையிலிருந்து, இவ்வளவு சிக்கலானதைத் தொடவே கூடாது, முற்றாகத் தடை செய்யுங்கள் என்ற குரலும் எழும். அதை ஏற்க முடியாது. விதைக்கும் ஒவ்வொரு வயலிலும் எழுத்துகள் தாமாகவே மாறிக்கொண்டிருக்கின்றன. சப்பாத்திக்கான கோதுமையே அப்படி மாறிய ஓர் எழுத்தின் பயன். யூரியாவையும் நீரையும் குறைத்து விளைய வைக்கும் வழி ஒன்று கண்முன் இருக்கும்போது அதை மூடுவது உழவருக்குச் செய்யும் தீங்கு. இந்த எதிர்ப்போடு அடிக்கடி சேர்ந்து வரும் ஓர் அச்சம், தாவர மைக்ரோ ஆர்.என்.ஏ. நம் உடலுக்குள் புகுந்து நம் மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் என்பது. சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு 2012-இல், அரிசியின் மைக்ரோ ஆர்.என்.ஏ. 168 மனித ரத்தத்தில் இருப்பதாகவும், கொழுப்பைக் கையாளும் மரபணுவை அது பாதிப்பதாகவும் எழுதியது. பிறகு அதைச் சோதித்த வேறு குழுக்களால் அம்முடிவை மீண்டும் பெற இயலவில்லை. 168 பூக்கும் தாவரங்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே வடிவில் உள்ள துணுக்கு. சோறு, கீரை, பழம் எதை உண்டாலும் மனிதர்கள் அதைக் காலங்காலமாக உண்டு வந்திருக்கிறார்கள். கவலைப்பட வேண்டிய இடம் தட்டு அல்ல, வயல்.

இந்தியா 2025 மே மாதம் இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவித்தது. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா ஒன்று, டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா டி.எஸ்.டி. நெல் 1 மற்றொன்று. இரண்டிலும் தொடப்பட்டவை மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒட்டும் இடங்கள் அல்ல; முறையே கதிரின் மணி எண்ணிக்கையோடும் வறட்சி, உவர் தாங்குதலோடும் தொடர்புள்ள மரபணுக்கள். ஆனால் எஸ்.பி.எல்.14-உம் ஜி.ஆர்.எஃப்.4-உம் உலகெங்கும் நெல் ஆராய்ச்சியாளர்களின் முதன்மை இலக்குகளாக இருக்கின்றன. அத்தகைய திருத்தங்கள் நம் வயல்களுக்கும் வர அதிக காலம் ஆகாது. இன்றைய நடைமுறையின்படி அவை வரும்போது நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் அடிப்படையாகக் கேட்கப்படுவது வெளி டி.என்.ஏ. எஞ்சியிருக்கிறதா என்பது, எந்தப் பிணைப்பு அறுந்தது என்பதல்ல. 2022-இன் விலக்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, அமைச்சகத்தின் அலுவலகக் குறிப்பாணை. அதில் இந்தக் கேள்வியைச் சேர்க்க அமைச்சகத்தின் முடிவே போதும்.